வயரைச் செருகிய இடங்கள்

தேவராசாவுக்கு மூன்று அலுவலகம், ஒரே மடிக்கணினி. கண்டியில் தலைமையகம், பேராதனையிலும் தெல்தெனியவிலும் கிளைகள். ஒரு தேயிலைக் கம்பனியின் கணினிகளைப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். ஒவ்வோர் இடத்திலும் வலையமைப்பு வயரைச் செருகியதும் கணினிக்கு அங்கே செல்லுபடியாகும் முகவரி எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். மடிக்கணினியை இயக்கும் லினக்ஸ் சொன்னதைச் செய்யும், மறந்ததை நினைவூட்டாது.

2007 தொடக்கத்தில் ஒருநாள் அவர் மறந்துபோனார். தெல்தெனிய முகவரியோடேயே பேராதனையில் செருகிவிட்டார். அங்கே அது பிரதான கணினியின் முகவரி. இரண்டும் மோதியதில் ஒரு மணி நேரம் கிளை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. வேறு யாரும் செய்திருந்தால் கவனயீனம். யாழ்ப்பாணத்தான் செய்ததால் நாசவேலை. 'கொட்டியா', அதாவது புலி, என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. இன்னொரு முறை நடந்தால் விஷயம் பொலிஸுக்குப் போகும் என்றார் பாதுகாப்பு அதிகாரி விஜேகோன்.

பயந்துபோன மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சின்ன நிரல் எழுதினார். வயரைச் செருகியதும் அது முதலில் அங்குள்ள ரவுட்டரின் இலக்கத்தைப் பார்க்கும். பட்டியலில் தேடி, இது எந்த இடமென்று கண்டுபிடித்து, உரிய முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். மூன்று அலுவலகத்தோடு வீட்டையும் சேர்த்தார். இடமும் நேரமும் ஒரு கோப்பில் பதியும்படியும் செய்துவைத்தார்.

"இனி நான் ஒண்டும் அடிக்கத் தேவையில்லை," என்றார்.

"அப்ப மறக்கிறதுக்கும் நீங்கள் தேவையில்லை," என்றாள் மனைவி சரோஜினிதேவி.

இரண்டு மாதம் கழித்துப் பேராதனை மறுபடியும் நின்றது. தேவராசா கண்டிக்குத் திரும்பியதும் விஜேகோன் நேரே அவருடைய மேசைக்குத்தான் வந்தார். தேவராசா கோப்பைத் திறந்து காட்டினார்: காலை 10.12 முதல் 12.30 வரை தெல்தெனிய. பேராதனை நின்றது 10.40க்கு. விஜேகோன் தெல்தெனியவுக்குத் தொலைபேசி எடுத்தார். "சார் இங்கதான் இருந்தாங்க, பன்னெண்டரைக்குத்தான் போனாங்க," என்றார் அங்கிருந்த கிளார்க் கறுப்பையா. பின்னேரம் உண்மை தெரிந்தது. பேராதனை மனேஜர் தன் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார். அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

உண்மை தெரிந்த பிறகும் விஜேகோன் போகவில்லை. கோப்பை மேலிருந்து கீழே மெல்ல வாசித்தார். நல்ல வேலை என்று பாராட்டினார். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதை அச்செடுத்துத் தன்னிடம் தர வேண்டும் என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" வீட்டில் சரோஜினிதேவி கேட்டாள்.

"ஓம் எண்டன். வேற என்ன சொல்ல?"

பதிவை நிறுத்தலாம். நிறுத்தினால் அடுத்த முறை காட்ட ஒன்றும் இருக்காது. வீட்டு நேரம் விஜேகோனுக்குப் போகாதபடி, பட்டியலில் வீடு இருந்த வரியை மட்டும் அழித்தார். பிறகு வயரைச் செருகி, வீட்டின் முகவரியை ஒவ்வோர் எண்ணாகக் கையால் அடித்தார்.