மேலே இருக்கும் பெயர்

கணினி பழுது பார்க்கும் பக்கிரி சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கணினி முன்னால் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

"அக்கா, லினக்ஸ அழிச்சிடச் சொல்லி அண்ணன் போன் பண்ணாரு," என்றான்.

எங்கள் வீட்டுக் கணினிப் பெட்டி ஒன்று, அதற்குள் குடித்தனம் மூன்று. பீங்கான் பொம்மைச் சூளையின் சூட்டைக் குறித்துவைக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அது என் கணவர் விருத்தகிரிக்கு. புது விண்டோஸ் மகள் வெண்பாவின் பள்ளிக்கூடத்துக்கு. விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் எனக்கு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு. பெட்டியைப் போட்டதும் மூன்று பெயர் வரிசையாக வரும். பத்து வினாடிக்குள் யாரும் தொடாவிட்டால் முதல் பெயர் தானாகத் திறக்கும். என் வேலை நாள் முழுக்க ஓடுவது. கரண்ட் போய் வந்தால், நான் எங்கே இருந்தாலும், அது தானே மறுபடி தொடங்க வேண்டும். அதனால் மதிவதனி என்று என் பெயரையே போட்டு மேலே ஏற்றினேன். அதற்குக் கீழே விருத்தகிரி, கடைசியில் வெண்பா.

கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் ஒரு வரி இறங்கிவிட்டதென்று பந்தியில் உட்காராமல் எழுந்துபோன குடும்பம் இது. சும்மா விடுமா?

"அழிக்கக்கூட வேணாங்க்கா. ஒங்க பேர கீழ எறக்கிட்டாப் போதும், அண்ணன் சமாதானமாயிடுவாரு."

இந்தச் சமாதானத்தைத்தான் பதினோரு வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூளையிலிருந்து வந்து வாசற்படியில் நின்ற கணவரிடமே சொன்னேன். "போன மாசம் எறக்கித்தான வச்சீங்க? கரண்ட்டு போயி வந்துச்சி, ரெண்டு நாள் வேல போச்சி. இன்னொருவாட்டி போனா என்ன நிறுத்திடுவாங்க. எறக்க மாட்டேன்."

"என் வூட்டுல எம் பேரு ரெண்டாவதா?"

"ரெண்டாவதா இருந்தா ஒங்க சூளை எரியாதா?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் வந்தது. சூளையில் வேலை பார்க்கும் சாமிதுரை. பொம்மைகளை அடுக்கி முடித்துவிட்டார்களாம், நேற்று எந்தச் சூட்டில் நிறுத்தியது என்று உடனே தெரிய வேண்டுமாம்.

பக்கிரி வந்ததும் அணைத்துவைத்திருந்த பெட்டியை நான் போட்டேன். மூன்று பெயரும் வந்தன. பத்து, ஒன்பது என்று எண் குறைந்தது.

"கீழ ஒரு தடவ அமுக்குங்க. ஒங்களுது வரும்."

அவர் பக்கிரியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். நான் நகரவில்லை. எண் மூன்றுக்கு வந்தபோது என் தோளுக்கு மேலாகக் குனிந்து கீழ் அம்புக்குறியை அழுத்தினார்.

அந்த விசையில் அவர் விரலின் வெள்ளைக் களிமண் ஒட்டியிருந்தது. நான் துடைக்கவில்லை.