தியாகலிங்கம் மாஸ்ரர் வாங்கிய பூசணிக்காய்

தியாகலிங்கம் மாஸ்ரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் வந்து, நான் நடுநிலையாகக் கதை சொல்லவில்லை என்று குறைபிடிக்கக்கூடாது.

மருதனார்மடம் சந்தியில் அவர் தட்டச்சு வகுப்பு நடத்தினார். பலகையில் அவருடைய பெயர் இருந்தது, படிப்பித்தது நான். அவர் முன்கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பார். நான் பெட்டைகளின் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாக வைத்துக் காட்டுவேன். கடைசி மேசையில் ஒரு பழைய தமிழ் மெசின் கிடந்தது. அது இறுகும்போதெல்லாம் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினவளும் நான்தான்.

"உது உனக்குத்தான், குணம். புதுசு வந்தவுடனை நீ எடுத்துக்கொண்டு போ" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னவர் அவர்.

புதுசும் வந்தது. அதற்குள் எங்கள் ஊர் தெல்லிப்பழையில் செல் குண்டு விழத் தொடங்கி, நானும் என் பத்மாவதி அக்காவும் ஆளுக்கொரு உரப்பையோடு கோப்பாய்க்கு ஓடி வந்திருந்தோம். தெரிந்த ஒருவரின் வளவுக்குள் கொட்டில் போட்டுக்கொண்டோம். அக்காவுக்கு முழங்கால் வாதம், நாலு அடி நடந்தால் இருந்துவிடுவா. வகுப்பில் எனக்குக் கிடைத்தது பாணுக்கே காணாது. கொட்டிலில் ஒரு மெசின் இருந்தால் அரசாங்கக் கச்சேரிக்கு, ஊர் விதானையாருக்கு, நிவாரணத்துக்கு என்று அலைகிற சனத்துக்குக் கடிதம் அடித்துக் கொடுத்து இரண்டு வயிற்றையும் கழுவலாம். எனக்கு வேறு வழி ஒன்றும் இருக்கவில்லை.

அதனால் ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். "மாஸ்ரர், அந்தப் பழைய மெசினை எடுக்கட்டே?"

அவர் பேப்பரை மடிக்கவுமில்லை.

"உதை நல்ல விலைக்குக் குடுத்திட்டன். ஓடி வந்த சனத்துக்கு மெசின் என்னத்துக்கு, குணம்? நாளைக்கு இன்னொரு இடத்துக்கு ஓடேக்கை தலையிலை வைச்சுக்கொண்டு ஓடப்போறியோ?"

பெட்டைகள் சிரித்தார்கள். நான் விரல் பிடித்துப் பழக்கிய அதே பெட்டைகள்! என் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், அந்தப் படியைப் பிறகு மிதிக்கவில்லை.

"பொறுத்தார் பூமி ஆள்வார், விடு" என்றா அக்கா.

இருந்த பூமியையே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறோம், இனி எந்தப் பூமியை ஆளுவது? நான் பொறுக்கவில்லை. என் தோட்டைக் கழற்றி விற்றேன். மலிவாக ஒரு மெசின் வாங்கி, அவருடைய வகுப்பை ஈ ஓட்ட வைக்காவிட்டால் நான் குணலட்சுமி இல்லை என்று அந்த வெறுங்காதைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன்.

மலிவு மெசின் தேடுவது என்றால் லேசா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் வருவதே பெரும்பாடு, தட்டச்சு மெசின் எங்கே வரப்போகிறது? ஆட்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது விட்டுப்போகிற சாமானில்தான் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பழைய சாமான் கடையில் ஒன்றைக் கண்டேன். விலையும் பொருந்தி வந்தது. அடுத்த நாள் காசோடு போனால், மாஸ்ரர் கூடக் கொடுத்து எடுத்துவிட்டாராம். உரும்பிராயில் ஒரு ஓய்வுபெற்ற கிளாக்கர் வீட்டில் இன்னொன்று இருந்தது. அங்கேயும் எனக்கு முன்னால் அவருடைய சைக்கிள் நின்றது. அவருக்கு அந்த மெசின்கள் தேவையில்லை. நான் வகுப்புத் தொடங்கினால் பெட்டைகள் என்னிடம் வந்துவிடுவார்கள் என்ற பயம்தான். நாசமாய்ப் போவான்!

அப்போதுதான் அடுத்த ஒழுங்கையில் இருந்த கமலாவதி ரீச்சர் என்னைக் கூப்பிட்டா. அவவிடம் ஒரு நல்ல தமிழ் மெசின் இருந்தது. பள்ளிக்கூடச் சோதனைத் தாளெல்லாம் அதில்தான் அடித்திருந்தா. இப்போது கொழும்புக்குப் புறப்பட நின்றா.

"உனக்கே தந்திருப்பன், பிள்ளை. ஆனால் மகன் உயிரோடை கனடாவிலை இறங்கினால் மெசினைப் பிள்ளையாருக்குத் தாறன் எண்டு நேர்ந்துபோட்டன். அவன் இறங்கிட்டான். இனி அது பிள்ளையாற்றை சாமான். தீர்த்தத் திருவிழா அண்டைக்கு ஏலத்திலை கூறுவினம், நீ எடு."

நேர்ந்த பொருளைப் பிள்ளையாரிடமிருந்து ஏலத்தில்தான் எடுக்கலாம். எங்கள் கோயில் ஏலம் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். அங்கே பொருளுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. ஒருவன் கேட்டால் மற்றவன் கூட்டுவான். கூட்டினவனை விடக்கூடாது என்று முதல் ஆள் இன்னும் கூட்டுவான். ஒரு மாம்பழம் ஒரு ஆட்டின் விலைக்குப் போகும். கேட்டுவிட்டுப் பின்வாங்கினவன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். இந்தக் கோப்பாய்க் கோயிலில் இன்னொரு கட்டும் இருந்தது. முந்திய வருடம் பலர் கடன் சொல்லி ஏமாற்றியதால், காசு வைத்தால்தான் பொருள்.

தீர்த்தம் முடிந்த மத்தியானம், கோயில் வீதியில் சனம் கூடி நின்றது. வேப்பமரத்தடியில் மேசை. அதில் வாழைக்குலை, இரண்டு பலாப்பழம், ஒரு பெரிய பூசணிக்காய், கடைசியில் மெசின். கோயில் மனேச்சர் அருளம்பலம் அண்ணை கையில் மணியோடு நின்றார். எதிரே பட்டு வேட்டியும் தோல் பையுமாகத் தியாகலிங்கம் மாஸ்ரர்! மருதனார்மடத்தில் பிள்ளையார் இல்லையா, இங்கே ஏன் வந்தாய்? பை வீங்கிக் கிடந்தது. மடியில் முடிந்திருந்த என் தோட்டுக் காசு அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

முதலில் வாழைக்குலை. அக்காவின் முழங்காலுக்காக நேர்ந்து நான் ஒரு விலைக் கேள்வி கேட்டேன், வஞ்சகமில்லாமல்தான். மாஸ்ரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு. என் கேள்வியை இரண்டு மடங்காக்கினார். நான் சும்மா கொஞ்சம் கூட்டினேன். அவர் உடனே மேலும் கூட்டினார். சனம் "ஓஹோ!" என்றது. குலை அவருக்குப் போனது. பையைத் திறந்து காசை எண்ணினார்.

அந்தப் பை திறந்து மூடியபோது எனக்கு மூளை திறந்தது. அட கடவுளே, இந்த மனுசனுக்கு வாழைக்குலை தேவையில்லை. நான் கேட்பது எனக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்!

முதல் பலாப்பழத்தைத் தூக்கினார்கள். நான் உரத்துக் கேட்டேன். மாஸ்ரர் கூட்டினார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. அது சுளை கூழாய்க் குழைகிற கூழன் பலா, காம்பைப் பார்த்தாலே தெரியும். நல்ல வருக்கன் பலாவின் விலைக்கு மேல் மூன்று மடங்கில் அதை வாங்கினார். இரண்டாவதும் அப்படித்தான் போனது. பை சுருங்கத் தொடங்கியது.

அடுத்தது பூசணிக்காய். நான் என் மடியில் இருந்த காசு முழுவதையும் ஒரே கேள்வியாகக் கேட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தா.

"விசரே உனக்கு? பூசணிக்காய்க்கோ?"

மாஸ்ரர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒருதரம்..." என்றார் அருளம்பலம் அண்ணை.

இந்த ஆள் இப்போது வாயை மூடிக்கொண்டால் தோடும் போய், மெசினும் போய், ஒரு பூசணிக்காயோடு நான் நடுத்தெருவில் நிற்பேன்.

"இரண்டுதரம்..."

பிள்ளையாரே, அவனுடைய வாயைத் திற!

பிள்ளையார் திறக்கவில்லை. நான்தான் என் வாயைத் திறந்தேன். "விடுங்கோ அண்ணை. மாஸ்ரற்றை கையிலை காசு முடிஞ்சுபோச்சுப் போலை, பாவம்."

சனம் சிரித்தது. அன்றைக்குப் பெட்டைகள் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. மாஸ்ரரின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆருக்குக் காசில்லை? உவள் கேட்டதுக்கு மேலை ஐந்நூறு!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எனக்கும் ஆத்திரம்தான், ஆனால் நான் அதை ஆறவைத்துக்கொண்டு வந்திருந்தேன். பூசணிக்காய் அவருக்கு. பையைக் கவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். மிச்சம் சில்லறைதான்.

மெசினைத் தூக்கி வைத்தார்கள். நான் என் காசில் பாதியைக் கேட்டேன். மாஸ்ரர் அதற்கு மேல் கேட்டார்.

"காசை வையுங்கோ, மாஸ்ரர்" என்றார் அருளம்பலம் அண்ணை.

"நாளைக்குக் காலமை கொண்டுவந்து தாறன், அண்ணை. என்னைத் தெரியாதே?"

"தெரியும். ஆனால் பிள்ளையாருக்கே கடன் சொல்லுறியள்? கோயில் காசு குலத்தை அழிக்கும், கண்டியளோ."

மாஸ்ரர் சுற்றிப் பார்த்தார். கோப்பாயில் அவருக்குக் கைமாற்றுக் கொடுக்க ஒருவரும் இல்லை. மணி அடித்தது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். மெசின் எனக்கு. பாதிக் காசு இன்னும் மடியிலேயே இருந்தது.

நான் அதை வாரி அணைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

வீதியில் மாஸ்ரர் தன் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முன்னால் காண்டிலில் வாழைக்குலை, பின்னால் கரியரில் இரண்டு பலாப்பழம். ஒன்று வெடித்துப் பட்டு வேட்டியில் பால் ஒழுகியது. பூசணிக்காய்க்கு இடமில்லை. என்னைக் கண்டதும் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"குணம், நீ திரும்பி வகுப்புக்கு வா. சம்பளத்தைக் கூட்டித் தாறன். மெசினை எனக்குத் தா."

"பூசணிக்காய் கிடக்குது, மாஸ்ரர். தலையிலை வைச்சுக்கொண்டு ஓடுங்கோ."

அவர் ஓடவில்லை. கோயில் மதிலடியில் அதைப் போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார். ஒழுங்கை முடியும் வரை நான் நின்று பார்த்தேன். ஒரு அடியைக்கூடத் தவறவிடவில்லை.

"பிள்ளையாற்றை பூசணிக்காயை மாடு தின்ன விடுறதே?" என்று அக்கா அதை உருட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டா.

அன்று பொழுதுபட முன்னரே ஒரு விளம்பரம் அடித்தேன். 'தட்டச்சு வகுப்பு, கோப்பாய். கடிதங்களும் அடித்துக் கொடுக்கப்படும். குணலட்சுமி.' அடுத்த நாள் அதை மருதனார்மடம் சந்தியில், அவருடைய படிக்கு நேரெதிரே ஒட்டினேன். அந்த மாதமே ஐந்து பெட்டைகள் என்னிடம் வந்துவிட்டார்கள்.

விளம்பரத்தை அடித்து முடித்த அந்தப் பின்னேரம் அக்கா பூசணிக்காயை வெட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினா. பழிவாங்கினால் வாய் கசக்கும் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் அந்தக் கறியைச் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.