பிழைத்த பன்றி

காய்ச்சலில் படுத்த தாய்ப்பன்றி தானாகவே எழுந்துவிட்டது என்று பண்ணைக்காரர் மா தொக்சுல் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெருமையாகப் போன் செய்தார். சொர்வன் ஊரிலிருந்த அவர் பண்ணைக்குப் போய் அதன் ரத்தம் எடுத்து வந்தேன். முடிவோடு மறுபடி போனபோது அதற்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, என் மகாராணிக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கா?”

“நிறையவே இருக்குண்ணே.”

“பாத்தீங்களா! இனி இவ ரத்தத்துலேயே மருந்து செய்யுங்க.”

அந்த எதிர்ப்புச் சக்தி இருந்தால் பன்றிக் கொள்ளைநோய்க் கிருமி பண்ணைக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம். வந்த பண்ணையில் ஒரு குட்டியைக்கூடக் கொல்லாமல் விட்டுவைக்கக் கூடாது என்பது சட்டம். இவளை மட்டுமாவது ஆராய்ச்சிக்குத் தாருங்கள் என்று மேலிடத்தில் கெஞ்சினேன். சுவரிடம் கெஞ்சியிருக்கலாம்.

கொன்ற பன்றிகளைப் புதைக்கும் குழியில் கொட்டுவதற்கான சுண்ணாம்பு லாரி வாசலில் வந்து நின்றது. பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“அப்போ நான் போனே பண்ணியிருக்கக் கூடாதாம்மா?”

“பண்ணத்தாண்ணே வேணும்” என்று சொல்வது என் வேலை. சொன்னேன்.