வால்டர் எழுதிய விலக்கு

டோரதி இறந்த செய்தி வந்தபோது வால்டர் பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தார். கல்லூரியில் அவர் வரலாற்றுக் கௌரவ விரிவுரையாளர். அதில் கௌரவம் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

போப்பாண்டவருக்கும் அரசனுக்கும் சண்டை. ஆறு வருஷம் நாடு முழுக்கக் கோயில் மணி ஊமை. செத்தவர்களைக் குருவானவர் இல்லாமல், செபம் இல்லாமல், சாலையோரப் பள்ளத்தில் புதைத்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தார். மனைவி கரோலின் அனுப்பியிருந்தாள்: ‘டோரதிக்கா காலைல போய்ட்டாங்க. கோயில்ல சாவு மணி அடிக்கல.’

அந்த மணியை நிறுத்தியதே வால்டர்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் டோரதியின் மகன் டெரிக், குப்பத்துப் படகுகள் நாலு தடை செய்த சுருக்குமடி வலை போடுகின்றன என்று மீன்வளத் துறையில் எழுதிக் கொடுத்தான். படகுகள் பறிமுதலாயின. அந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைப்பதென்று ஊர்க் கமிட்டி முடிவெடுத்தது. தலைவர் மதலைமுத்து வால்டரிடம் வந்தார்.

“சார், நீ நாலெழுத்து படிச்சவன். ரெண்டு வரி எழுதிக் குடு. அவுங்களாண்ட யாரும் பேசக் கூடாது, தொழில்ல சேக்கக் கூடாது. அவ்ளோதான்.”

அவ்வளவுதானா? ராஜ்யங்களைக் கிடுகிடுக்க வைத்த ஓலைகளைப் பாடம் நடத்துகிற மனுஷனிடம் இரண்டு வரியா கேட்பது? வால்டர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். ‘இவ்வீட்டாரின் வாழ்விலும் சாவிலும் ஆலயமணி ஊமையாகக் கடவது. இவர்களோடு உறவாடுவோரும் இவ்விலக்கில் அடங்கக் கடவர்.’ மொத்தம் ஐந்து ‘கடவது’. கூட்டத்தில் வாசித்தபோது மூச்சுச் சத்தம் இல்லை. ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். இருபது வருஷத்தில் வால்டர் சொன்னதை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கியது.

கல்லூரியிலிருந்து நேராக மீன் ஏலக் கொட்டகைக்குப் போனார். மதலைமுத்து ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

“தலைவரே, அந்த மணி விசயம் நீங்க சொன்னதில்ல. நானா சேத்தது. அடிச்சுட்டு எழுத்த அப்பறம் திருத்திக்கலாம்.”

“தெரியும் சார். நாங்க இன்னா கண்டோம், மணியெல்லாம்? ஆனா எல்லாரும் கையெழுத்து போட்டுட்டோமே.”

“சும்மா ஒரு எடுப்பா இருக்கட்டும்னு எழுதுனேன் தலைவரே.”

மதலைமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். “டோரதி எனக்குப் பங்காளி வூட்டுப் பொண்ணு சார். எனக்கு மட்டும் வலிக்கலியா? இன்னைக்கு நான் மணி அடிச்சா, படகு போனவன் நாலு பேரும் என் சட்டையப் புடிப்பான். எடுப்பா எழுதிட்டுப் போய்ட்டே. நான் இங்க குந்திகினு கீறேன்.”

வகுப்பில் இந்த மாதிரிக் கேள்வி வந்தால் மணி அடித்துக் காப்பாற்றிவிடும்.

டெரிக் வீட்டுத் தெருவில் ஒரு நாற்காலி கூடப் போடவில்லை. பெட்டி மூடித் தயாராக இருந்தது. டெரிக், புளியந்தோப்பிலிருந்து வந்த அவன் மச்சான், சவ வண்டி ஓட்டுநர், ஆக மூன்று பேர். சந்துக்குள் வண்டி வராது. தெருமுனை வரைக்கும் தூக்கித்தான் போக வேண்டும். கமிட்டியை மீறி மணி அடிக்கத் துணியாத பாதிரியார், கல்லறைத் தோட்டத்தில் காத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

“இன்னா வாத்தியாரே, எதுனா ஒரு வரி வுட்டுப்போச்சா?” என்றான் டெரிக்.

“தூக்க வந்தேன்பா.”

“உன் சட்டப்படி நீயும் அவுட்டு. தெரியும்ல?”

“நான்தானே எழுதுனேன்.”

“ஊர்ல யார்னா வருவாங்கன்னு கடைசி வரைக்கும் வாசலப் பாத்துகினே இருந்துச்சு எங்கம்மா. சாவுறதுக்கு முன்னாடி கேட்டுச்சு, ‘எனக்கு அடிப்பாங்களாடா?’ன்னு. அடிப்பாங்கம்மான்னு பொய் சொன்னேன்.” டெரிக் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “உன்ன மன்னிச்சேன்னு நெனச்சுக்காத. ஆள் ஒண்ணு கொறையுது. போக வேற வழி இல்ல. அந்தாண்ட புடி.”

வால்டர் குட்டை. பெட்டி அவர் பக்கம் சரிந்து, பாரமெல்லாம் அவர் தோளில் இறங்கியது. பத்தடியில் மூச்சு வாங்கியது. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. ஜன்னல்களில் மட்டும் கண்கள். நாலு பேரின் காலடி தவிர ஒரு சத்தமில்லை.

அவர் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. கரோலின் வாசலில் நின்றாள். வால்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவளும் ஒரு வார்த்தை பேசினால் விலக்கில் மாட்டிக்கொள்வாள்.

“யோவ், செருப்பக் கயட்டுய்யா,” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. “சாவத் தூக்கிகினு செருப்போட போறே.”

வால்டரின் இரண்டு கைகளும் பெட்டியைப் பிடித்திருந்தன. கரோலின் இறங்கி வந்தாள். நடுத்தெருவில் குனிந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.