இடது கை தூக்கியவர்கள்

அன்று ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தவர்கள்: கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கைவைத்த நாற்காலியில் முதல்வர் ராஜ்மோகன், அவருக்கு இடப்பக்கம் மூத்த ஆங்கில ஆசிரியை விஜயலட்சுமி, வலப்பக்கம், நிர்வாகத்துக்கு அறிக்கை எழுத வேண்டிய நான். பையன்கள் ஜன்னல் ஓரம், பெண்கள் சுவர் ஓரம். உமாராணி மட்டும் நின்றுகொண்டிருந்தார். நாலு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. நாங்கள் பார்வையிட வந்த இந்த வகுப்பில் தேறினால் பெர்மனென்ட். இல்லையென்றால் வேலை போய்விடும்.

பாடம், ஆங்கிலப் பன்மை.

"ஃபுட்?" என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அறிவழகனைக் கேட்டார். "ஃபீட்!" அடுத்து "டூத்?" மறுபடியும் எல்லாக் கைகளும். "டீத்!" என்றாள் முனவரா. கேட்கப்பட்டவர் ஒருவரும் தவறவில்லை.

முதல்வர் எழுந்தார். "அந்த இடது கை தூக்கின தம்பி, நீ சொல்லு. ஆக்ஸ்?"

குமரவேல் விழித்தான். "ஆக்ஸஸ், சார்."

"நீயும் இடது கைதானம்மா? சைல்ட்?"

"சைல்ட்ஸ்," என்றாள் பாயிஜா.

முதல்வர் உமாராணியைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "தெரிஞ்சா வலது கை, தெரியாட்டி இடது கை. இன்ஸ்பெக்ஷனுக்கு நாங்களும் இதத்தாங்க மேடம் பண்ணினோம்."



"ஆமாங்க சார், நான்தான் சொல்லிவெச்சேன்," என்றார் உமாராணி. பிறகு குழந்தைகள் பக்கம் திரும்பினார். "இடது கை எல்லாம் முன்னாடி வாங்க."

பாதி வகுப்பு முன்னால் வந்தது.

"குமரவேலு, உங்க குவார்ட்டர்ஸ் கேட்ல யார் பேரு இருக்கு?"

"அப்பா பேரு. கொளஞ்சிநாதன்."

"வூட்ல இருக்கிற எல்லாரையும் சேத்துச் சொல்லணும்னா, அந்தப் பேரோட ஒரு எஸ், இல்லன்னா இ-எஸ். பேருக்கு உள்ள எதையும் தொடக் கூடாது."

"அப்ப நாங்க நாசர்ஸ்!" பாயிஜா கேட்காமலே கத்தினாள்.

"எங்கப்பா பேரே ஆக்ஸ்னா, டீச்சர்?" என்றான் குமரவேல்.

"அப்ப நீ சொன்ன ஆக்ஸஸ்தான் சரி. மாடுங்கன்னாதான் ஆக்ஸன், கொழந்தைங்கன்னாதான் சில்ட்ரன். வூட்ல போய் கேட்டுகினு நிக்காத, முதுகு பழுத்துடும்!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மணி அடிப்பதற்குள் முன்னால் நின்ற அத்தனை பேரும் சில்ட்ரன், ஆக்ஸன் என்று பிசகாமல் சொன்னார்கள்.

அலுவலக அறையில் விஜயலட்சுமி சொன்னார்: "கை விஷயத்த எழுதினா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுங்க. எழுதாம கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல."

வாசலில் நின்ற உமாராணி குறுக்கிட்டார். "எழுதிடுங்க சார். அதுக்கப்புறம் நடந்ததையும் எழுதுங்க."

இரண்டையும் நடந்த வரிசையில் எழுதினேன். முதல்வர் இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கி, அடியில் 'பெர்மனென்ட் ஆக்கப் பரிந்துரைக்கிறேன்' என்று சேர்த்துக் கையெழுத்திட்டார். விஜயலட்சுமியும் போட்டார்.

உறையை ஒட்டி முத்திரை வைத்தேன். பியூன் ஜெயராமன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, நிர்வாக அலுவலகத்துக்கு சைக்கிளை மிதித்தார்.