நாலு நாற்பது

என் புருஷன் அசோக் போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். திங்கள்கிழமை ஆவடி மைதானத்தில் ஓட்டம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம் நாற்பது நொடி. இந்த வருஷத்தோடு அவருக்கு வயசு வரம்பு முடிகிறது, இனி அடுத்த தடவை என்பதே கிடையாது.

ஐடி கம்பெனியில் இருக்கும் என் சித்தி மகன் பரத், தான் ஓடும்போது கட்டுகிற ஜிபிஎஸ் வாட்சைக் கொடுத்திருந்தான். இந்த நொடியில் ஓடுகிற வேகத்துக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று அது காட்டும். அசோக் அதையே பார்த்துக்கொண்டு ஓடி, முதல் வாரமே பள்ளத்தில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டார். அப்புறம் வாட்சை நான் கட்டிக்கொண்டேன். அவர் ஓடுவார், நான் ஸ்கூட்டியில் பக்கத்திலேயே போய்க் கத்துவேன். "அஞ்சு பத்து" என்றால் விரட்டுவார். "நாலு இருபது" என்றால் குறைப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரக் கொட்டகைக் கம்பெனிகளுக்கு நடுவே மூன்று மாதம், தினம் காலையில் இதே கூத்து. லாரிக்காரர்கள் என்னைக் கண்டக்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. அதே ரோட்டில் நான் தனியாகத் தையல் கம்பெனி வேலைக்குப் போனேன். முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி ஊர்ந்ததால், ஸ்கூட்டியின் வேகம் பதின்மூன்று கிலோமீட்டரை விட்டு அசையவில்லை. சும்மா வாட்சை அழுத்திப் பார்த்தேன். நாலு பத்து என்றது. ஐந்து நாற்பது என்றது. உடனே மூன்று ஐம்பது என்றது. வண்டியோ ஒரே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் போய், நாங்கள் தினம் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தேன். வாட்ச் ஒன்றரை கிலோமீட்டர் காட்டிய இடத்தில் வண்டி மீட்டர் ஒன்று புள்ளி நாலுதான் காட்டியது. மூன்று தடவை அளந்தும் அதேதான்.

பரத்துக்குப் போன் போட்டேன். அந்த வேகம் அப்படித்தான் குதிக்கும், தாமதமாகவும் வரும், கொட்டகைகளுக்கு நடுவே தூரத்தையும் கூட்டிக் காட்டும், அதைப் பார்த்து யாராவது ஓடுவார்களா என்று சாவகாசமாகக் கேட்டான். நாங்கள் ஓடினோம்டா என்று போனை வைத்துவிட்டேன். போன வாரம் ஆறு நிமிஷம் ஐம்பது நொடியில் முடித்ததாக, கேக் வெட்டாத குறையாகக் கொண்டாடியிருந்தோம். நிஜமான ஒன்றரை கிலோமீட்டருக்கு அது ஏழு இருபது.

அன்று தையல் மெஷினில் கை நிற்கவில்லை. சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் திங்கள்கிழமை தோற்பார். ஓடத் தெம்பு இருந்தபோதெல்லாம் குறை, குறை என்று கத்தி அவரை இழுத்துப் பிடித்தது இந்த வாய்தான். அதை நினைக்க நினைக்கப் பயத்தோடு ஆத்திரமும் வந்தது.

சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். வாட்ச் என்ன காட்டினாலும் "அஞ்சு இருபது, அஞ்சு பத்து" என்றே கத்தினேன். அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். வண்டி மீட்டரில் சரியாக ஒன்றரை வந்ததும் நிறுத்தினேன். ஆறு நிமிஷம் ஐம்பத்தேழு நொடி. எனக்குக் கூத்தாட வேண்டும் போல் இருந்தது. அவரோ சாக்கடை ஓரம் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மொத்த நேரத்தைச் சொன்னால் நான் கத்தியதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கால் போய்விட்டது, ஆவடிக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.  அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வாட்ச் சொன்ன பொய், நான் சொன்ன பொய், அவர் நிஜமாகவே ஓடிய ஆறு ஐம்பத்தேழு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்போ நாளிக்கி மைதானத்துக்குள்ள நான் எப்டி ஓடுவேன்? வாட்சும் கெடையாது, நீயும் கெடையாது."

"வெளிய நின்னுகினு கத்துறேன். நீ ஓடு" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

திங்கள்கிழமை அவரை மட்டும் கேட்டுக்குள் விட்டார்கள். எனக்கு மதில் சுவர்தான் தெரிந்தது. உள்ளே விசில் ஊதும், காலடிச் சத்தம் தடதடவென்று கேட்கும், அடங்கும், மறுபடி விசில் ஊதும். எந்த விசில் அவருடையது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் கத்தினேன். ஒரு பெண் போலீஸ் வந்து அதட்டினார். அந்த அம்மா அந்தப்பக்கம் போனதும் மறுபடி கத்தினேன். வெயில் ஏறியது. தோற்றவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

பதினொரு மணிக்கு அசோக் வந்தார். முகத்தை மூடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஆறு அம்பத்தி நாலு" என்றார். அப்புறம் என்னைக் குற்றம்சாட்டுவது போலப் பார்த்தார். "கத்துறேன்னு சொன்ன. ஒரு சத்தமும் கேக்கல. நீ ஊட்டுக்குப் போயிட்டியோன்னு பயந்துகினே ஓடுனேன் எழிலு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கத்திக் கத்தி என் குரலே போயிருந்தது.