தாம்பாளத்தில் ஏழு பாக்கு

சடுகுடுப் போட்டிக்கு ஓர் அணியை அழைப்பதென்றால் வேப்பந்தட்டைப் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலையைப் பரப்பி, அதன்மேல் ஆளுக்கு ஒரு கொட்டைப்பாக்கு வைத்து, நடுத்தெருவில் எல்லோரும் பார்க்க நீட்டவேண்டும். ஒரு பாக்கை எடுத்தால் ஓர் ஆள் வருகிறான் என்று அர்த்தம். எடுத்தவன் பின்வாங்க முடியாது. நீட்டியவனும் எடுத்த பாக்கைத் திருப்பிக் கேட்க முடியாது. கேட்டவன் அப்புறம் அந்த வட்டாரத்தில் தலை நிமிர்ந்து நடமாட முடியாது.

இந்த மரியாதையெல்லாம் ஊருக்குள் இருந்தவர்களுக்குத்தான். கோரைக்காட்டுக் காலனி அணிக்கு எவனும் தாம்பாளம் நீட்டியதில்லை. தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஏய், ஞாயித்துக்கெழம வந்துடுங்கடா" என்று கத்திவிட்டுப் போய்விடுவார்கள். இவர்களும் போவார்கள், ஜெயிப்பார்கள். பரிசை மேடைக்குக் கீழே நின்று வாங்கிக்கொண்டு வருவார்கள். அணிக்குத் தலைவன் மதுரைவீரன். அவன் பிடித்த கால் தப்பியதாகச் சரித்திரம் இல்லை. பாடிப் போகிறவன் அவன் மைத்துனன் தர்மன். எதிராளி கோட்டுக்குள் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு அவன் திரும்பி வந்த பிறகுதான் தொடப்பட்டவர்களுக்கே விஷயம் தெரியும்.

எண்பத்தொன்றாம் வருஷம் கோடையில், அந்தக் காலனிக்குள் முதல் தாம்பாளம் வந்தது. கொண்டுவந்தவன் அரியலூர் செல்லதுரை மேஸ்திரி. சுண்ணாம்புக்கல் வெட்ட ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். அரியலூரில் நடந்த ஒரு போட்டியில் இவர்கள் ஆடியதைப் பார்த்திருந்தான்.

"டெல்லியில ஆசியாட் நடக்கப் போவுது. ஒலகமே வருது. சடுகுடுவும் உண்டு, பேப்பர்லயே போட்டுட்டான். ஒங்க ஏழு பேர மாதிரி ஒடம்பு அங்க எவனுக்கு இருக்கு? கெளம்புங்க, அழைச்சிட்டுப் போறது என் பொறுப்பு" என்றான்.

வெற்றிலையின்மேல் ஏழு பாக்கு இருந்தது. மதுரைவீரன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஏழையும் எடுத்தான். கை நடுங்கியது. கல் வெட்ட ஆள் பிடிக்கிறவனுக்குச் சடுகுடுவில் என்னடா அக்கறை என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். இவன் கேட்கவில்லை. முப்பது வருஷமாகத் தன் தெருவுக்கு வராத தாம்பாளம் வந்து நின்றபோது, அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை அவன்மேல் காட்ட மனசு வரவில்லை.

மேளம் அடித்து, மாலை போட்டு, பெரம்பலூர் பஸ் வரைக்கும் வந்து அனுப்பினார்கள். மதுரைவீரனின் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள் மட்டும் அதிகம் பேசவில்லை. அவளுடைய தம்பிதான் தர்மன். "என் தம்பியப் பத்தரமா பாத்துக்க" என்றாள். "அவன எவனாலடி புடிக்க முடியும்?" என்று சிரித்துக்கொண்டே மதுரைவீரன் பஸ் ஏறினான்.

டெல்லியில் அவர்களுக்கு மைதானம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய பள்ளத்தைக் காட்டினார்கள். மறுநாள் காலையில் ஆளுக்கு ஒரு சட்டி கொடுத்து, கலவை சுமந்து சாரத்தில் ஏறச் சொன்னார்கள். இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதல் சில நாட்கள் அது பயிற்சி என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய போட்டி, ஒடம்பை இறுக்குறாங்க என்று மதுரைவீரனே மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னான். சுணங்கியவனை அதட்டினான். ராத்திரி தகரக் கொட்டகையில் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துவிட்டுக்கொண்டு, எந்த நாட்டுக்காரனை எப்படி மடக்குவது என்று பேசினார்கள்.

கடைசியில் தர்மன்தான் கேட்டான். "மாமா, இங்க ராஜஸ்தான் பொம்பளைங்களும் நம்மளோட சேந்துதானே சட்டி தூக்குறாங்க. அவங்களும் சடுகுடு ஆடவா வந்திருக்காங்க?"

 மதுரைவீரன் அன்றே மேஸ்திரியின் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டான். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த வாரம் முழுக்க ஆள் ஆளாகக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான்.

திரும்பிப் போய்விடலாம் என்றார்கள் சிலர். மாலை போட்டு அனுப்பிய ஊருக்கு எந்த முகத்தோடு போவது? பாக்கு எடுத்தாகிவிட்டது என்றான் மதுரைவீரன். ஊருக்குப் போகிற ஆட்களிடம், நல்லா இருக்கோம், பயிற்சி நடக்குது என்று சொல்லி அனுப்பினான்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மண்ணில் கோடு கிழித்து ஆடினார்கள். பாஷை தெரியாத கூலிக்காரர்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து கை தட்டினார்கள். ஒருநாள் கார் ஒன்று வந்து நின்றது. கோட்டு போட்ட அதிகாரி இறங்கி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். தர்மன் அன்றைக்கு ஆடினானே, அது ஓர் ஆட்டம்! பாட்டை விடாமல் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, மதுரைவீரனின் பிடியிலிருந்தே காலை உருவிக்கொண்டு கோட்டைத் தொட்டான். ஏழு பேரும் மூச்சு வாங்க அதிகாரியையே பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்களாம், இந்தக் கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு ஆட்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டுமாம். கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னான்.

மழைக்காலத்தில் ஒருநாள், தளம் போட முட்டுக் கொடுத்திருந்த பலகைகள் சரிந்தன. கீழே நின்றிருந்தவர்கள் ஓடினார்கள். தர்மனும் ஓடினான். எல்லோரையும்விட வேகமாக ஓடக்கூடியவன், ஈரக் கலவையில் வழுக்கி விழுந்துவிட்டான். இரும்புக் கம்பிக் கட்டு அவன் கணுக்காலின்மேல் விழுந்தது. எந்த ஊர்க்காரனுக்கும் சிக்காத கால் அது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடியது. அதற்கப்புறம் அவன் கொட்டகையில் உட்கார்ந்து ஆட்களுக்குச் சோறு ஆக்கினான். 

கட்டிடங்கள் எழும்பிவிட்டன. வெள்ளையடித்தாயிற்று, கொடி கட்டியாயிற்று, புல்லைக்கூட வேறெங்கோ இருந்து பாய்பாயாகச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்துவிட்டார்கள். அப்புறம் அழகைக் கெடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தது கட்டியவர்கள் மட்டும்தான். மறுவருஷத் தீபாவளிக்குச் சில நாள் முன்பு லாரி வந்தது. கொட்டகையைப் பிரித்து, ஆட்களை ஏற்றி, ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கினார்கள். தங்கள் கையால் கட்டிய மைதானத்துக்குள் ஓர் ஆட்டம் நடந்ததை ஏழு பேரில் ஒருவனும் பார்க்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்தது தீபாவளி கழிந்த பிறகு. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மதுரைவீரனுக்கு மேளச் சத்தம் கேட்டது. காலனி முகப்பில் தென்னங்கீற்றில் வளைவு கட்டி, 'ஆசியாட் வீரர்களே வருக' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வளைவுக்குக் கீழே வெள்ளை வேட்டியும் சட்டையுமாகச் செல்லதுரை மேஸ்திரி நின்றிருந்தான். துணியும் அவன் செலவு, மேளமும் அவன் செலவு.

தர்மன் நொண்டிக்கொண்டு இறங்கினான். கூட்டம் அவன் காலைப் பார்த்தது. மேஸ்திரிதான் முதலில் குரல் கொடுத்தான். "நாட்டுக்காவ ஆடி அடிபட்ட சிங்கம்டா! போடுங்கடா மாலைய!"

தர்மன் தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டான். மாமாவின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "இருக்கட்டும் மாமா. கம்பி வுழுந்துச்சுன்னு சொல்றதுக்கு இது பரவால்ல. நீ எதுவும் சொல்லிராத."

மதுரைவீரன் பேசாமல்தான் இருந்திருப்பான். அப்போது மேஸ்திரி கையைத் தட்டினான். பின்னாலிருந்து அவன் ஆள் தாம்பாளத்தை எடுத்து வந்தான். அதே பித்தளை, அதே வெற்றிலை, அதன்மேல் ஏழு பாக்கு.

"அடுத்தது இன்னும் பெருசு. வடக்க அணைக்கட்டு ஓரத்துல நடக்குது. அணியில அடுத்த செட்டு வாங்கப்பா" என்றான் மேஸ்திரி.

தெருவின் இளவட்டங்கள் ஏழு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். மதுரைவீரனே சடுகுடு சொல்லிக்கொடுத்து வளர்த்தவர்கள். முன்னால் நின்றவன் சாமிதுரை, மதுரைவீரனின் சொந்தத் தம்பி. அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் மதுரைவீரனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. தர்மன் கேட்டுக்கொண்டதெல்லாம் மறந்துபோயிற்று. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தாம்பாளத்துக்கு முன்னால் நின்றான்.

"தொடாதடா! நாங்க ஒரு ஆட்டமும் ஆடலடா. கலவதான் சொமந்தோம். இவன் கால் ஆட்டத்துல போவல, கம்பி வுழுந்து போச்சு. இந்த ஆளு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போயி மாட்டு வேல வாங்கினான். எடுக்காதீங்கடா!" என்று கத்தினான்.

மேளம் நின்றது. மேஸ்திரியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இதுதான் மதுரைவீரனுக்கு விளங்கவில்லை. கூட்டத்தில் யாரும் திடுக்கிடவும் இல்லை. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். சாமிதுரை சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான்.

"தெரியும்ணே" என்றான்.

"என்னடா தெரியும்?"

"அப்பவே தெரியும்ணே. மேஸ்திரி வேறெதுக்கு வருவாரு? நம்மள எவன்ணே தாம்பாளம் வச்சு ஆடக் கூப்புடுவான்?"

மதுரைவீரன் கொளஞ்சியம்மாளைத் தேடினான். அவள் தம்பியின் கோணல் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்குமா தெரியும்?"

"வர்ற வெள்ளிக்கெழமதான் வெளையாட்டே ஆரம்பம்னு ரேடியோவுல சொல்றான்" என்றாள் அவள். "ஆடப் போனவன் அதுக்கு முன்னாடியே வந்து நிப்பானா? இதுகூடத் தெரியாதா இங்க?"

"போறப்பவே சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னா நீ போயிருக்க மாட்ட. அந்தக் கோடையில கஞ்சிக்கு என்னா வழி இருந்துச்சு? அதுவுமில்லாம, அன்னைக்கு அந்தப் பாக்க எடுக்கிறப்ப ஒன் மொகத்த நான் பாத்தேன். அப்பிடி ஒரு சிரிப்பு நம்ம கல்யாணத்துலகூட நீ சிரிச்சதில்ல. எப்பிடிச் சொல்றது?"

அப்படியானால் காலனி முழுக்கத் தெரிந்திருக்கிறது. மேளக்காரனுக்குத் தெரியும், மாலை கட்டியவளுக்குத் தெரியும். நம்பியவர்கள் அந்த ஏழு பேர் மட்டும்தான். கணக்கப்பிள்ளை சிரித்தபோதுகூட மதுரைவீரனுக்கு இப்படிக் கூசவில்லை. அப்போது சிரித்தவன் அன்னியன்.

"பேசி முடிச்சாச்சா?" என்றான் மேஸ்திரி. "இந்த வருஷமும் மழ இல்ல. கெணத்துல மண்ணு தெரியுது. எடுக்கிறவன் எடுக்கலாம். நான் யாரையும் கட்டி இழுக்கல."

சாமிதுரை கையை நீட்டினான். அவனுக்கு முன்பே வேறொரு கை நீண்டது. கழுத்தில் மாலையோடு தர்மன் நொண்டிக்கொண்டு வந்து நின்றிருந்தான். இனி மாலையால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. நொண்டிக் காலோடு இந்த ஊரில் அவனுக்கு எவன் வேலை கொடுப்பான்?

மேஸ்திரி தாம்பாளத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "ஒனக்கில்லப்பா. நீ ஒக்காரு" என்றான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு சிங்கம் என்றவன் அவனேதான்.

தர்மனின் கை காற்றில் நின்றது. ஊரே அதைப் பார்த்தது. கொளஞ்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதுரைவீரன் ஓர் எட்டு முன்னால் போனான். அடிக்கப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், மேஸ்திரியும் பின்னால் நகர்ந்தான். மதுரைவீரன் அடிக்கவில்லை. தாம்பாளத்தின் விளிம்பை இடது கையால் பிடித்தான். தர்மனின் காலைத் தவிர அந்தப் பிடியிலிருந்து எதுவும் உருவிக்கொண்டு போனதில்லை. வலது கையால் இரண்டு பாக்கை எடுத்தான்.

"ஒன்னு எனக்கு" என்றான். "ஒன்னு இவனுக்கு. கூட்டத்துக்குச் சோறாக்க ஒரு ஆளு வேணும்ல?"

"ஏய், அத வையி. அது..." என்று மேஸ்திரி ஆரம்பித்தான்.

"எடுத்தாச்சு" என்றான் மதுரைவீரன். "திருப்பிக் கேப்பீங்களா மேஸ்திரி? நடுத்தெருவுல?"

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தான். அடுத்த வருஷமும் இதே தெருவுக்குத் தாம்பாளத்தோடு வரவேண்டியவன் அவன். வாயை மூடிக்கொண்டான்.

மிச்சம் இருந்த ஐந்து பாக்கைச் சாமிதுரையும் மற்றவர்களும் எடுத்தார்கள். இரண்டு பேருக்குப் பாக்கு இல்லாமல் போயிற்று. அவர்கள் மதுரைவீரனை முறைத்துவிட்டுப் போனார்கள். காப்பாற்ற வந்தவன் அவர்கள் பிழைப்பில்தான் மண்ணைப் போட்டான்.

மேளம் மறுபடி தொடங்கியது. மதுரைவீரன் ஒரு பாக்கைத் தர்மனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். இந்தத் தடவை அவன் கை நடுங்கவில்லை.